அமரர் ஏழுமலையும் என் சுண்டு விரலும்

உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நான் மௌன அஞ்சலி நடத்தியிருக்கிறேன். அதுவும் அவரையே எழுந்து நிற்க வைத்து. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அது எப்படி முடியும் என்று கேட்பார்கள். சும்மா முடியாது. அதற்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும், நான் உழைத்தேன்.

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் கல்லூரிகளில் ஒன்றில் படித்தேன். பாரிவாக்கத்திலிருந்து சைக்கிளில் போய் வருவேன். கல்லூரியின் பூப்பந்து அணியில் இருந்தேன். (இறகுப்பந்து இல்லைங்க. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். இதை விளக்கியே பாதி ஆயுசு போச்சு.) 'இருந்தேன்' என்பதுதான் சரி, 'ஆடினேன்' என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். நான் எக்ஸ்ட்ரா. இரண்டு வருடமாகப் பந்து பொறுக்கினேன், தண்ணீர் கொடுத்தேன், மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

ஆனால் வீட்டில் நான் முன்வரிசை ஆட்டக்காரன். அப்பா கீரைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பையன் காலேஜுக்கு ஆடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் மண்டலப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடக்கப் போவதாக நான்தான் வாயை விட்டேன். அப்படியானால் நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார் அப்பா.

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. பி.டி. சார் குணசேகரனிடம் போய், ஒரே ஒரு செட் இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டு விழாவில் ஒவ்வொரு அணியின் வரலாற்றையும் அந்த அணியின் எக்ஸ்ட்ரா தான் வாசிக்க வேண்டும். ஆடுகிறவர்கள் கோப்பை வாங்க மேடையேறுவார்கள், ஆடாதவனும் ஒருமுறை ஏறட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் ஆரம்பித்த வழக்கம். அன்றைக்கு நான் கைதட்டல் வாங்கினால் மண்டலத்தில் இறக்குகிறேன் என்றார் சார்.

கபடி அணியின் வரலாறு நாலு பக்கம் இருந்தது. எங்கள் வரலாற்றைக் கரையான் படித்து முடித்திருந்தது. அலமாரியில் மிஞ்சியது எழுத்தே இல்லாத ஒரு கோப்பையும், கறுப்பு வெள்ளையில் ஒரு குழுப் படமும்தான். நடுவில் ஒல்லியாக, மழுமழு முகத்தோடு ஒருவர். கீழே 'முதல் கேப்டன் ஆர். ஏழுமலை' என்றிருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் கறுப்பு வெள்ளையில் இருந்த எல்லோருக்கும் மாலை போட்டிருந்ததால், ஏழுமலையும் போய்ச் சேர்ந்திருப்பார் என்று முடிவு செய்தேன். அதில் ஒரு வசதியும் இருந்தது. இறந்தவர் வந்து ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

மூன்று நாள் உட்கார்ந்து வரலாறு எழுதினேன்.

விழா அன்று வருவதாக இருந்த அதிகாரி கடைசி நேரத்தில் வரவில்லை. பி.டி. சார் அவசர அவசரமாக ஆவடி சேக்காட்டுக்கு ஓடி வேறொருவரைப் பிடித்து வந்திருந்தது எனக்குத் தெரியாது. விருந்தினரை அறிமுகப்படுத்தியபோது நான் மேடைக்குப் பின்னால் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஏறியபோது பார்த்தேன், முதல்வருக்குப் பக்கத்தில் தொப்பையும் பெரிய மீசையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி என்றால் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்தில் ஏழுமலையின் சுண்டு விரல் ஒடிந்ததைச் சொன்னேன். மைதானத்து ஓரம் நின்ற சைக்கிளின் டியூப்பை அறுத்து விரலில் கட்டிக்கொண்டு அவர் ஆடி வென்றதைச் சொன்னேன். "விரல் ஒடிந்தது, ஆனால் வீரம் ஒடியவில்லை" என்றபோது விசில் பறந்தது. மேடை ஓரத்தில் பி.டி. சார் இரண்டு கையையும் ஆட்டினார். இன்னும் கொஞ்சம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்தேன், நானும் உருகினேன். அந்த உருக்கத்தில், எழுதி வைக்காத ஒரு வரி வாயில் வந்தது. அமரர் ஏழுமலைக்காக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றேன்.

எல்லோரும் எழுந்தார்கள். முதல்வர் பக்கத்தில் பார்த்தார், தயங்கினார், பிறகு எழுந்தார். மீசைக்காரரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது மட்டும் கேட்டது.

அடுத்து, நம் பூப்பந்து அணியின் முதல் கேப்டனும் இன்றைய சிறப்பு விருந்தினருமான திரு. ஏழுமலை பேசுவார் என்று அறிவிப்பு வந்தது.

படத்தில் இருந்த ஒல்லி மனிதரை மேடை முழுக்கத் தேடினேன். மீசைக்காரர் வந்து என் தோளில் கை வைத்தார். (கை சூடாகத்தான் இருந்தது. கவனித்தேன்.) மைக்கைப் பிடித்தார்.

"எனுக்காவ எல்லாரும் எந்திரிச்சு நின்னீங்கோ. ரொம்ப சந்தோசம். மரியாதிக்கு நானும் நின்னுக்கினேன்."

சிரிப்பு வெடித்தது. எனக்கு அதில் அப்பாவின் முகம்தான் தெரிந்தது. மைதானத்து ஓரத்தில் அவர் நிற்கப்போவதும், நான் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கப்போவதும் தெரிந்தது. அழுகை வந்தது. ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு முன்வரிசையைப் பார்த்தார்.

"செத்தத தவுர, தம்பி சொன்னது மிச்சம் எல்லாம் நெசந்தான்" என்றார். வலது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டு விரல் மடங்கியிருந்தது.

கைதட்டல் நிற்கவே இல்லை.

மேடைக்குப் பின்னால் அவர் காலில் விழப்போனேன். பிடித்து நிறுத்தினார். விரல் நிஜமாகவே ஒடிந்ததா என்று கேட்டேன்.

"ஒடியவும் இல்ல, ஒரு எழவும் இல்ல. நாலு மேட்ச் ஆடுனோம், நாலும் தோத்தோம். அந்தக் கப்பு போட்டோவுக்காவ நாங்களே வாங்கினது." குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி பச்சப் பொடவ கட்டிகினு குந்திகினு கீதே, அது என் சம்சாரம். கண்ணாலம் ஆன நாள்லேந்து இன்னிக்குத்தான் என்னிய அப்டிப் பாத்துது. அத்தப் போயி நான் இல்லன்னு சொல்லுவனா?"

சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவே வந்துவிட்டார். ஏழுமலையின் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடமாக ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. ஏழுமலை, தொழிற்சாலையில் எத்தனையோ இயந்திரத்தைக் கழற்றி மாட்டியவர், அந்தக் கேள்விக்கு விழித்தார். சொல்ல என்ன இருக்கிறது என்று முனகினார். அந்த நிமிடம் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பி.டி. சாரிடம் சொல்லி என்னை அணியில் போட வைத்தவரும் அவர்தான்.

மண்டலப் போட்டி அன்று எங்கள் பசங்கள் என்னைக் கிண்டல் செய்வதற்காகவே காலேஜ் கேட்டுக்கு எதிரே இருந்த பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி, ஐந்து பேரும் சுண்டு விரலில் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் கட்டினார்கள். அப்பா வேப்பமரத்தடியில் துண்டைத் தோளில் போட்டு நின்றிருந்தார். இரண்டாவது செட்டில் என்னை இறக்கினார்கள்.

மூன்றாவது பந்து தாழ்வாக வந்தது. பாய்ந்தேன். பந்து போனது, நான் விழுந்தேன், கை எனக்கு அடியில் போனது. சுண்டு விரலில் 'டப்' என்று ஒரு சத்தம். ஒடிந்துவிட்டது என்று காட்டக் கையைத் தூக்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. மைதானமே எழுந்து, சுண்டு விரலை மடக்கி, ஏழுமலை பெயரைச் சொல்லிக் கத்தியது. பி.டி. சார் ஓரத்திலிருந்து, "நடிச்சது போதும்டா, ஆடு" என்றார். ஆடினேன். அன்றைக்கு ஜெயித்தோம். அதில் என் பங்கு, பந்துக்குக் குறுக்கே போகாமல் இருந்தது.

நம்பியவர் அப்பா ஒருவர்தான். கையைப் பார்த்ததும் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். பாதி வழியில், திரும்பாமலே சொன்னார்:

"எஸ்ட்ராவா இருந்தா இன்னாடா? ஊட்ல சொல்லிர்க்கலாம்ல."

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

என் விரல் கோணலாகவே சேர்ந்தது, இன்றைக்கும் நிமிராது. ஏழுமலையின் மனைவி விழா நாளிலிருந்து அவரை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. மடக்கி மடக்கி வைத்ததில் தன் விரலும் இப்போது நிமிர மறுக்கிறது என்று ஏழுமலை போனில் புலம்புகிறார். எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும், 'செத்ததைத் தவிர மிச்சமெல்லாம் நிஜம்தானே?' என்று என் மனைவி கேட்பாள்.

போன மாதம் என் மகள் நிவேதா அதே கல்லூரியின் பூப்பந்து அணியில் சேர்ந்தாள். எக்ஸ்ட்ரா இல்லை, முன்வரிசை. முதல் நாளே விரலில் டியூப்போடு வந்து, அணியின் வரலாற்றை எனக்குச் சொன்னாள். இப்போது ஏழுமலைக்கு இரண்டு விரல் ஒடிந்திருக்கிறது. அந்தக் கதையை எழுதியதே நான்தான் என்றேன். பழங்கதை பேசும் அப்பாக்களைப் பார்ப்பதுபோல இரக்கமாகப் பார்த்தாள். நிஜமாக விரல் ஒடிந்து ஆடியவன் நான்தான் என்று கையையும் காட்டினேன். சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் வந்தது.

நேற்று நிவேதாவுக்கு முதல் போட்டி. கிளம்பும்போது கையை நீட்டி, டியூப்பை இறுக்கிக் கட்டச் சொன்னாள். கட்டினேன். என் கோணல் விரல் முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

"நடிக்காதப்பா" என்றாள் நிவேதா, "விரல நிமித்தி ஒழுங்கா கட்டு."