இருபத்திரண்டு வருடம் படி கழுவியவர்

இத்தாலியின் பலெர்மோவில் நம்மவர்களுக்குள் ஓர் இனம் வேகமாகப் பெருகி வருகிறது. இதுவரை யாரும் அதற்குப் பெயர் வைக்காததால் நானே வைத்துவிடுகிறேன்: முன்னாள் ஏழை. இவர் எந்த வருடம் ஏழையாக இருந்தார் என்பது கூடப் பிறந்த அண்ணனுக்கே தெரியாது. ஆனால் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இவரை அடையாளம் காண்பது கடினமில்லை. கூட்டத்துக்கு வந்தால் இருப்பதற்குள் மிகவும் உடைந்த கதிரையைத் தேடி உட்காருவார். பக்கத்தில் உள்ளவர் பத்து வருடம் வீட்டுவேலை செய்ததாகச் சொன்னால் ஒரு பெருமூச்சு விட்டுத் தான் பதினைந்து என்பார். 'நாங்கள் பட்ட பாடு' என்று தொடங்கும்போது குரலைத் தாழ்த்தி, தன் உள்ளங்கையை, அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல் உற்றுப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. நல்ல கிறீம் பூசிய கை.

ஒரு காலத்தில் இதெல்லாம் தலைகீழாக இருந்தது என்பது உங்களுக்கும் தெரியும். நாள் முழுக்க மாடிக்கட்டடங்களில் படி கழுவிவிட்டு வந்து, ஊருக்குக் 'கொம்பனியில் வேலை' என்று கடிதம் எழுதினோம். இப்போது கொம்பனியில் இருப்பவரெல்லாம் படி கழுவியதாகச் சொல்கிறார்கள். ஏன்? படி கழுவியவன் சொன்னால்தான் சனம் கேட்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் அலோசியஸ் இந்த இனத்தில் முதல் தரம். மன்னார்க்காரர். 'கடலை நம்பின குடும்பம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். அதில் பொய் இல்லை. அவருடைய தகப்பனுக்கு ஐஸ் தொழிற்சாலை இருந்தது. கடலுக்குப் போனவர்கள் அவரை நம்பினார்கள். இத்தாலிக்கு வந்த புதிதில் மாமனாரின் மொண்டெல்லோ கடற்கரை உணவகத்தில் கல்லாவில் உட்கார்ந்தார். பிறகு லிபெர்த்தா தெருவில் விமான ரிக்கெற் போடவும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிப் படிவம் நிரப்பவும் சொந்தமாக ஓர் அலுவலகம் திறந்தார். இரண்டுக்கும் இடையில், மைத்துனர் கால் முறிந்து கிடந்தபோது, அவருக்குப் பதிலாக ஒன்பது நாள் படி கழுவினார். பத்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி கத்தரீனா. சொல்லும்போது சிரிக்கவும் இல்லை. அந்த ஒன்பது நாள்தான் கூட்டத்துக்குக் கூட்டம் வளர்ந்து, ஒரு வருடமாகி, ஐந்தாகி, இப்போது இருபத்திரண்டில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, ஒரேயொரு தரிப்புக்கு பஸ் ஏறி, ரிக்கெற்றைக் கையில் பிடித்தபடி மாதா கோவில் மண்டபத்துக்குள் நுழைவார். நான் கண்ணால் பார்த்தது.

இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் போன பெப்ரவரியில் ஒரு சிக்கல் வந்தது. லிபெர்த்தாவில் ஆறு மாடிக் கட்டடங்கள் பதினொன்றின் படிகளை எங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர் கழுவுகிறார்கள். அந்த வேலையைக் கொடுக்கும் சிறு நிறுவனத்தின் பொறுப்பாளரான இத்தாலியப் பெண்மணி, நாங்கள் 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுபவர், இனிமேல் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் நேரம் குறிக்கப்படும், அதை அளக்கப் போனில் ஓர் 'அப்' வரும், குறித்த நேரத்துக்குமேல் எடுத்தால் அதற்குச் சம்பளம் இல்லை என்று அறிவித்துவிட்டார். ஆறு மாடியை ஒழுங்காகக் கழுவி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். அதைக் குறைத்தால் ஒரே காலையில் இன்னொரு கட்டடத்தையும் தலையில் கட்டுவார்கள். றோசமலர் என்ற பெண்ணுக்கு ஏற்கெனவே முழங்காலில் ஒரு சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. இது விளையாட்டுக் காரியமில்லை.

பூசை முடிந்ததும் மண்டபத்தில் கூடினார்கள். போய்ப் பேச யார்? பதினாலு வருடமாக அந்தப் படிகளைக் கழுவும் கிளறாவின் பெயரை றோசமலர் சொன்னார். கிளறா தயங்கிய அந்த நேரத்துக்குள் அலோசியஸ் எழுந்துவிட்டார். குளிர்காலத் தண்ணீரில் தன் விரல்கள் விறைத்ததையும், ஒரு பாண் துண்டை மூன்றாகப் பிய்த்துத் தின்றதையும், மாடி மாடியாகத் தன் இளமை கரைந்துபோனதையும் சொன்னார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மனிதருக்கு இத்தாலியனும் நன்றாக வரும். அவரையே தெரிவுசெய்தார்கள். துணைக்குக் கிளறா போவதென்றும், நடந்ததை எழுதி வைக்க நான் போவதென்றும் முடிவாயிற்று.

சிஞ்ஞோரா மரியாதையான பெண்மணி. கோப்பி கொடுத்தார். அலோசியஸ் அரை மணித்தியாலம் அழகாகப் பேசினார், நானே அசந்துபோனேன். கேட்டு முடித்த சிஞ்ஞோரா, நீங்களும் இந்த வேலை செய்தவரா என்று விசாரித்தார். இருபத்திரண்டு வருடம் என்றார் இவர். அப்படியானால் உங்களைவிட யாருக்குத் தெரியும், ஆறு மாடிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும், நீங்களே சொல்லுங்கள் என்றார் அவர்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? கிளறாவின் முகத்தைப் பார்த்திருப்பான். முன்னாள் ஏழை அப்படிப் பார்க்க மாட்டார். அவருக்குத் தன் வீரம் முக்கியம்.

"நான் நாற்பது நிமிசத்திலை முடிப்பன்," என்றார் இத்தாலியனில். "அதுவும் லிஃப்ற் இல்லாத காலத்திலை."

சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்தது. அவர் ஐம்பத்தைந்து நிமிடம் கொடுக்கலாமென்று நினைத்திருந்தாராம். பேனையை எடுத்து நாற்பது என்று எழுதினார்.

 நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கிளறா மடியில் இருந்த கைப்பையின் வாரை இரண்டு தரம் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு நிதானமாக, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் பேசத் தொடங்கினார். எங்களில் யாருக்கும் இவருடைய அனுபவம் இல்லை என்பது உண்மைதான், ஆனபடியால் வாய்ச்சொல் வேண்டாம், நாளைக் காலை ஏழு மணிக்கு இவரே ஒரு கட்டடத்தைக் கழுவிக் காட்டட்டும், நீங்கள் மணிக்கூட்டோடு நில்லுங்கள், இவருக்கு எடுக்கும் நேரம் எதுவோ அதைவைத்து நேரத்தைக் குறியுங்கள் என்றார். சிஞ்ஞோராவுக்கு இது மிகவும் நேர்மையாகப் பட்டது. உடனே சம்மதித்தார்.

வெளியே வந்ததும் அலோசியஸின் நெற்றி வியர்த்திருந்தது.

"கிளறா, என்ரை இடுப்பு உனக்குத் தெரியும்தானே."

"தெரியும் அண்ணை. ஒன்பது நாளும் தெரியும்," என்றார் கிளறா. "இப்ப போய், நீங்கள் கழுவினது பொய்யெண்டு நான் சொன்னால், அவ எங்களை எல்லாரையும் பொய்க்காரர் எண்டுதான் நினைப்பா. நீங்கள் வாங்கோ. வந்து கழுவுங்கோ."

"ஏலாமல் போனால்?"

"ஏலாமல்தான் போகும். அதுக்குத்தான் கூப்பிடுறன்."

மறுநாள் அவர் வந்தார். அதை நான் மெச்சத்தான் வேண்டும். வயிற்றுவலி என்று படுத்திருக்கலாம். வாளியையும் மொப்பையும் வாங்கி, முதல் படியிலிருந்து மேல்நோக்கிக் கழுவத் தொடங்கினார். மேலிருந்து கீழே வருவதுதான் முறை என்பது எனக்கே தெரியும். இரண்டாம் மாடியில் தண்ணீர் முடிந்தது. கழுவிய படியிலேயே மிதித்துக்கொண்டு கீழே இறங்கி, தன் சப்பாத்து அடையாளத்தைத் தானே மறுபடி துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். மூன்றாம் மாடியில் சவர்க்காரத் தண்ணீரை அள்ளி ஊற்றியதில் நுரை ஒரு வீட்டுக் கதவுக்குக் கீழால் உள்ளே போய்விட்டது. அந்த வீட்டம்மா வெளியே வந்து சிசிலியன் பாஷையில் சொன்னவற்றை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. நாலாம் மாடியில் உட்கார்ந்தார். ஐந்தாம் மாடியில் மறுபடி உட்கார்ந்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத்தான் எழும்பினார்.

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. கிளறாவுக்கும் வரவில்லை. அவர் தண்ணீர்ப் போத்தலோடு மேலே போய், கடைசி மாடியில் வாளியைத் தூக்கிக் கொடுத்தார்.

இரண்டு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும்.

சிஞ்ஞோரா மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அலோசியஸைப் பார்த்தார். அலோசியஸ் பொய் சொன்னார் என்று அவர் நினைத்திருப்பாரா? இல்லை. இருபத்திரண்டு வருடப் படிகள் ஒரு மனிதனின் உடம்பை எப்படி அழித்துவிட்டன என்று கண் கலங்கினார். எல்லாருக்கும் இப்படியா ஆகிறது என்று கிளறாவிடம் மெல்லக் கேட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமாய்," என்றார் கிளறா.

நேரம் ஒரு மணித்தியாலமும் நாற்பத்தைந்து நிமிடமும் என்று குறிக்கப்பட்டது. நடுவில் கால் மணித்தியாலம் இளைப்பாறலும் உண்டு. பெண்கள் கேட்க நினைத்ததைவிட அதிகம்.

அலோசியஸ் திருந்தினாரா என்று கேட்பீர்கள். இரண்டு ஞாயிறு வாய் திறக்கவில்லை. காரைக் கோவில் வாசலிலேயே நிறுத்தினார். பஸ் ஏற உடம்பு இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ஒரு புதுக் குடும்பம் வந்தது. அவர்களைப் பக்கத்தில் இருத்தி, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றைத் தனியொருவனாகக் கழுவிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை காட்டுவதற்கு உள்ளங்கையில் உண்மையான கொப்புளம் இருந்தது.

பெண்கள் கிளறாவைத் தங்கள் தலைவியாகத் தெரிவுசெய்தார்கள். சரியான ஆள், அதில் இரண்டு பேச்சில்லை. முதல் கூட்டத்தில் பேச எழுந்தார். மண்டபம் நிறைய முகங்கள்.  தொண்டையைச் செருமிவிட்டு, "நானும் ஒரு சாப்பாட்டுக்கே வழியில்லாத குடும்பத்திலை பிறந்தனான்," என்று தொடங்கினார்.

கிளறாவின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் வங்கி முகாமையாளர். அந்த வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு கிடைத்திருக்கிறது, மூன்று கறியோடு. கிளறா ஒருகணம் என் பக்கம் பார்த்தார். நான் குனிந்து, அவர் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதினேன். கைதட்டல் பலமாக இருந்தது என்றும் எழுதினேன்.

இவ்வளவையும் வாசித்துச் சிரித்த உங்களிடம் ஒன்று கேட்கலாமா? வாசிக்கும்போது எங்கேயோ ஓரிடத்தில், 'இவர்கள் சொல்வது கதை, நான் பட்டதுதான் உண்மையான கஷ்டம்' என்று உங்கள் மனம் மெல்லச் சொன்னதல்லவா? பரவாயில்லை. அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு வாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு முன்வரிசை ஒதுக்கியிருக்கிறோம். கொஞ்சம் முந்தி வந்தால்தான் இடம் கிடைக்கும்.