அணுவுக்குப் பயந்த கவசம்

நீலகிரி மலையில் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு போட்டி வைத்திருந்தால் முதல் பரிசு கவசத்துக்குத்தான். பரிசை வாங்க மேடைக்கு வந்திருப்பானா என்பது சந்தேகம். மேடைக்குக் கூரை உண்டா, அது எதனால் ஆனது என்று முதலில் ஆள் அனுப்பிக் கேட்டிருப்பான்.

இத்தனைக்கும் அவன் நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் போகும் வழியில் யானை நின்றால், அது நகரும் வரை பாறையில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தவன். அட்டை கடித்தால் பிய்த்தெறிந்துவிட்டு நடப்பான். கண்ணுக்குத் தெரிகிற எதற்கும் அவன் பயந்து நான் பார்த்ததில்லை. ஊட்டிக்கு வந்து, பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டில் நவீன இயற்பியல் பாடம் தொடங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியாதவை அவனைப் பிடித்துக்கொண்டன.

எதையும் வரிசையாகச் சொல்வது என் வழக்கம். ஆகவே சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் விரிவுரையாளர் கோயமுத்தூர்க்காரர். சேலைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. பெயர் சொல்லாமல் 'மேடம்' என்றாலே அவர்தான் என்று கல்லூரிக்குத் தெரியும். ஒருநாள், எலக்ட்ரான் தன்னால் தாண்ட முடியாத தடையையும் சில சமயம் ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடும் என்று பாடம் நடத்தினார். நாங்கள் எழுதிக்கொண்டோம். கவசம் எழுந்து நின்றான்.

"மேடம், அப்படின்னா மனுசனும் செவுத்துக்குள்ள பூந்து போயிருவானுங்களா?"

"கணக்குப் போட்டா ஒரு சாத்தியம் வரும். ரொம்ப ரொம்பக் குறைவு. உலகம் அழியற வரைக்கும் காத்திருந்தாலும் நடக்காது. உக்காரு."

"குறைவுதானுங்க மேடம். இல்லைன்னு நீங்க சொல்லலைங்களே."

எங்கள் விடுதி சரிவில் கட்டியது. அவன் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். கீழே உருளைக்கிழங்குத் தோட்டம். அன்று மாலையே கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டான். அவன் அறைக்கூட்டாளி நான். என் கட்டில் எதிர்ச் சுவரோரம் இருந்தது.

"நீங்களும் தள்ளிப் போட்டுக்கங்க. தூக்கத்துல என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றான். சக மாணவர்களையும் அவன் 'ங்க' போட்டுத்தான் பேசுவான்.

"ஏப்பா, அந்தப் பக்கம் வராந்தாதானே இருக்கு? போனா வராந்தாவுல விழுவேன். விடு."

"பாதியில மாட்டிக்கிட்டீங்கன்னா?"

நான் சிரித்தேன். ஆனால் விளக்கை அணைத்த பிறகு சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் படுத்தேன்.

அடுத்தது ஜி.எம். கவுண்டர். கதிரியக்கத்தை எண்ணும் கருவி அது. ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் கம்பி, கம்பியின் நுனியில் ஒரு குழாய். குழாய்க்குள் கதிர் நுழைந்தால் பெட்டி 'டிக்' என்று சொல்லும். பக்கத்தில் கனமான ஈயக் குப்பி. அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கதிரியக்க வில்லை. குப்பியைத் திறக்கும் முன்பே, மேடம் சுவிட்சைப் போட்டதும், கருவி 'டிக்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'.

"மேடம், மூடி தொறக்கவே இல்லைங்களே?"

"இது பின்னணிக் கதிர். மண்ணுல இருந்து வரும், பாறையில இருந்து வரும், வானத்துல இருந்தும் வரும். எப்பவும் இருக்கறதுதான்."

"இப்பவுமா?"

"இப்பவும்தான். உன்னையும் துளைச்சிட்டுத்தான் போகுது."

கவசம் தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "வானத்துல இருந்து வர்றது ஊட்டியில சாஸ்திங்களா, கோயமுத்தூர்ல சாஸ்திங்களா?"

மேடம் பொய் சொல்லத் தெரியாதவர். "உயரம் கூடக்கூட அதிகம்தான்," என்றார்.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை தோறும் அவன் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போனான். அங்கே அவனுக்குச் சொந்தமும் இல்லை, சோலியும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வேர்க்குருவோடு திரும்பி வருவான். கேட்டால், "உடம்புக்கு ஒரு ஓய்வு வேணுமில்லைங்களா?" என்பான்.

கவசம் என்ற பெயர் இதற்குப் பிறகு வந்தது. அவன் அப்பா எஸ்டேட் பாக்டரியில் பேக்கிங் பகுதியில் இருந்தார். தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் புகாமல் ஒட்டுகிற பளபளப்பான தகட்டுத் தாளை ஊரிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தான். குரங்குக் குல்லாவுக்குள் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தான். மிச்சத்தைக் கம்பளிக்குள் விரித்துக்கொண்டான். அவன் புரண்டு படுத்தால் அறை முழுக்கச் சரசரக்கும். எலி என்று நினைத்து வார்டன் பொறி கொண்டுவந்து வைத்தார். குல்லாவின் ஓரத்தில் தகடு எட்டிப் பார்த்துப் பளபளத்ததால் வகுப்பே அவனைக் கவசம் என்று கூப்பிட்டது. அவன் மறுக்கவில்லை.

மேடம் ஒருநாள் அந்தத் தாளில் ஒரு துண்டை வாங்கி, வில்லைக்கும் குழாய்க்கும் நடுவில் பிடித்துக் காட்டினார். டிக் டிக் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.

"பார்த்தியா? இது தேயிலைக்குத்தான் கவசம்."

அவன் முகம் வாடிப்போனது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "பாறைக் குகை மாதிரி எடத்துல இருந்தா குறையுங்களா மேடம்?"

"குகைப் பாறையிலயும் கதிர் வரும்னு போன வாரம் நடத்தினேன்."

அன்று அவன் மெஸ்ஸுக்குச் சாப்பிட வரவில்லை.

எங்கள் சிரிப்பும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. பயம் ஒட்டுவாரொட்டி. மழை மூட்டத்தில் ஆய்வகத்துக்குள் மங்கலான ஒரு பல்பு எரியும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி; மரம்கூடத் தெரியாது. அந்த அமைதியில், யாரும் தொடாமல், கருவி 'டிக்' என்னும். அப்போதெல்லாம் ஏதோ ஒன்று என்னைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது என்று எனக்கும் முதுகு சில்லிடும். பையன்கள் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அந்த வில்லைக்குக் கவசம் மரியாதையாக 'பெரியவர்' என்று பெயர் வைத்தான். "பெரியவர் உள்ளதானே இருக்காருங்க?" என்று கதவருகே நின்று கேட்டுவிட்டுத்தான் நுழைவான்.

மாதிரித் தேர்வில் அவனுக்கு அந்தச் சோதனையே வந்தது. ஈயக் குப்பியைத் தொட மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டான். மேடம் அவனை வராந்தாவில் நிறுத்திப் பேசியதை நானும் கேட்டேன்.

"அந்த வில்லை ரொம்ப பலம் குறைஞ்சது. இடுக்கியில எடுத்து வெச்சா ஒண்ணும் ஆகாது. நிஜப் பரீட்சையில இப்படிச் செஞ்சா முட்டைதான். டிகிரி கிடையாது. எம்.எஸ்ஸி. அப்ளிகேஷனைக் கிழிச்சுப் போட்டுரு."

எங்களுக்குப் பெரிய அதிசயம், அவன் எம்.எஸ்ஸி.யில் அணுக்கரு இயற்பியல் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்ததுதான். பி.எஸ்ஸி. தேறாவிட்டால் பாக்டரியில் கொழுந்து உலர்த்தும் மாடியில் வேலைக்குச் சேர்க்க அவன் அப்பா மானேஜரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

"இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்குப்பா அதையே படிக்கறே?" என்று நான் கேட்டேன்.

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "பயமா இருக்கறதுனாலதானுங்க. இத்தனை நடக்குது, நமக்கு என்னன்னு எப்படிங்க விட்டுட்டு இருக்கறது?"

நாங்கள் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். அவன் அதை நம்பிக்கொண்டிருந்தான்.

செய்முறைத் தேர்வன்று கோடை மழை பிடித்துக்கொண்டது. வெளித் தேர்வாளர் சமவெளியிலிருந்து வந்திருந்தார். கம்பளிக் கோட்டு, மப்ளர், வளைந்த கைப்பிடி போட்ட கறுப்புக் குடை. சோதனைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்கள். எனக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. கவசம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். பிரித்துப் பார்த்தவன் அப்படியே நின்றான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஐயா, வேற சீட்டு..."

"கிடையாது," என்றார் தேர்வாளர்.

அவன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டான். வீட்டில் பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறைகளை மாட்டினான். தேர்வாளர் குடையை அவன் மேசை விளிம்பில் கைப்பிடியால் தொங்கவிட்டுவிட்டு, அவன் பக்கத்தில் வந்து நின்றார். நான் என் கருவியைப் பார்ப்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தான். இடுக்கியால் வில்லையைப் பிடித்துத் தூக்கினான். கம்பளிக் கையில் இடுக்கி வழுக்கியது.

விழுந்த சத்தமே கேட்கவில்லை. அவன் குரல்தான் கேட்டது.

"பெரியவர் விழுந்துட்டாருங்க."

ஒரு வருடமாக அவன் எங்களுக்கு ஊட்டிய பயம் அப்போதுதான் வேலை செய்தது. ஸ்டூல்கள் உருண்டன. எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஓடியவர் தேர்வாளர். ஓடும்போதும் குடையை மறக்கவில்லை. "ஓடாதீங்கப்பா, ஒண்ணும் ஆகாது," என்று மேடம் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வராந்தாவில் பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் நிற்பது பத்திரம் என்று நினைத்து, தேர்வாளரைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம்.

கவசம் மட்டும் உள்ளேயே இருந்தான்.

"வெளிய வாப்பா!" என்றேன்.

"வந்தா பரீட்சை போயிருங்களே," என்றான்.

பிறகு அவன் குழாயைக் கையில் எடுத்து, மேசைக்கு அடியில் காட்டினான். டிக். நெடுநேரம் பொறுத்து டிக். வெறும் பின்னணிக் கதிர். அலமாரிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மூலையில், எங்கே காட்டினாலும் அதேதான். வில்லை அறையிலேயே இல்லை. அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.

கருவிப் பெட்டியை ஸ்டூலில் வைத்து, ஒயர் எட்டும் மட்டும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். குழாயை ஒவ்வொருவர் மேலும் காட்டினான். முதலில் நான். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். டிக்... டிக். அடுத்தவனுக்குச் சற்று வேகமாக. அதற்கடுத்தவனுக்கு இன்னும் வேகமாக. அந்தப் பையன் அழத் தொடங்கிவிட்டான். குழாய் அவனைத் தாண்டித் தேர்வாளர் பக்கம் திரும்பியதும் கருவி அடுப்பில் போட்ட கடுகு மாதிரி வெடித்தது.

"என்ன தம்பி இதுக்கு அர்த்தம்?" என்றார் தேர்வாளர்.

"உங்ககிட்டத்தானுங்க ஐயா இருக்காரு."

நாங்கள் மொத்தமாக விலகினோம். வராந்தாவின் நடுவில் அவர் தன்னந்தனியாக நின்றார். சுற்றிச் சாரல் அடித்தது. பழக்கத்தில் அவர் கை குடையை விரிக்கப் போனது.

"விரிக்காதீங்க ஐயா," என்றான் கவசம். "அப்படியே கீழ சாய்ச்சு வைங்க. மெதுவா. இப்ப ரெண்டு எட்டுப் பின்னால வாங்க. பயப்படாதீங்க, நானுந்தான் பயப்படறேன்."

தொங்கிய குடையின் மடிப்புக்குள் வில்லை நேராக விழுந்திருக்கிறது. அவன் கையுறைகளைக் கழற்றினான். வெறுங்கையால் இடுக்கியைப் பிடித்தான். இந்த முறை இடுக்கி வழுக்கவில்லை. துணி மடிப்பிலிருந்து வில்லையை எடுத்து, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி உள்ளே நடந்துபோய், மேசை மேலிருந்த தாங்கியில் வைத்தான். பிறகு பெட்டியையும் குழாயையும் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சோதனையைத் தொடர்ந்து செய்ய ஆரம்பித்தான்.

வாய்மொழிக் கேள்வியைத் தேர்வாளர் கதவுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"இன்வர்ஸ் ஸ்கொயர் விதி என்ன சொல்லுது?"

"தூரம் ரெண்டு மடங்கானா கதிர் நாலுல ஒரு பங்கா குறைஞ்சிருமுங்க. நீங்க நிக்கற எடத்துக்கு நல்லதுதானுங்க சொல்லுது."

மேடம் சால்வையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தேர்வாளர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. குடையையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

கவசம் தேறினான். கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. இடமும் கிடைத்தது. போகிற அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவன் என்னைப் பார்த்து, "பயமா இருக்குங்க," என்றான்.

"ஏப்பா, கீழ போகப் போகக் கதிர் குறையும்னுதானே வாராவாரம் மேட்டுப்பாளையம் போனே?"

"அதில்லைங்க. அங்க எனக்கு யாரையுமே தெரியாதுங்களே."

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். என்னிடம் மாற்றுச் சட்டைகூட இல்லை. ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோயமுத்தூர் விடுதியில் அவனைக் கொண்டுபோய் விட்டு, கட்டிலை எங்கே போடுவது என்று இரண்டு பேரும் பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். மலையேறித் திரும்பிய பஸ்ஸில் கூட்டமே இல்லை. பக்கத்து சீட் காலியாகத்தான் கிடந்தது. ஊட்டி வரும் வரைக்கும் அவனுக்கு இடம் விட்டதுபோல நான் ஓரமாக ஒதுங்கித்தான் உட்கார்ந்திருந்தேன்.