தலை தீபாவளிக்கு வாங்கிய அலைப் பலகை

மூன்றாவது லயத்து வரிசை வீடு,
பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்.
ஞாயிறு காலை.

குவாந்தானில் சீரும் சிறப்புமாக வாழும் மைத்துனர் சிவனேஸ்வரன் அவர்களுக்கு, அக்காள் புருஷன் நல்லுசாமி கைகூப்பி எழுதுவது. இங்கே நான், உன் அக்கா குமுதா, கோழிகள் ஏழு, எல்லோரும் முருகன் புண்ணியத்தில் சுகம். என் வலது முழங்காலை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். அதன் விவரம் கீழே வருகிறது. அங்கே நீயும் குடும்பமும் சுகமாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டாலும் இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள் மச்சான், எனக்கு உன் உதவி வேண்டியிருக்கிறது.

வாட்சாப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் உன் அக்கா வைத்த ரசத்தைப் பற்றி உனக்கு அனுப்பியது குடும்பக் குழுவில் போய் விழுந்ததும், அதன்பிறகு நான்கு நாள் நான் டவுனில் சாப்பிட்டதும் உனக்குத் தெரியும். அதனால் காகிதத்தில் எழுதி, கியா பார்மில் காய்கறி ஏற்றி உங்கள் ஊருக்கு வரும் லோரிக்காரர் அர்ஜுனனிடம் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

எல்லாம் நம்ம மகள் யுவனேஸ்வரி கல்யாணத்தில் ஆரம்பித்தது. தானா ராத்தா மண்டபத்தில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள் அல்லவா? முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவன் கையில் மைக்கைக் கொடுத்தால் அவன் என்ன பேசுவான்? மாப்பிள்ளை மகேன் உங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரில் வேலை பார்க்கிறவராயிற்றே, அவருக்குப் பிடித்த மாதிரி ஏதாவது சொல்வோம் என்று, நான் சின்ன வயதிலிருந்து தண்ணீரிலேயே கிடந்தவன், எந்த வெள்ளமும் எனக்குப் பாதை விடும் என்றெல்லாம் பேசிவிட்டேன். நான் இறங்கிய தண்ணீர், லோரி கழுவும் ஓடை. கணுக்காலுக்கு மேல் ஏறாது. அன்றைக்கு நீ முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டார். தலை தீபாவளிக்கு மோதிரம், கடிகாரம் எதுவும் வேண்டாம் மாமா, நின்றுகொண்டு துடுப்புப் போட்டு அலையில் போகிற பலகை ஒன்று வாங்குங்கள், தண்ணீர் தெரிந்த நீங்களே பார்த்து எடுங்கள் என்று போன் பண்ணினார். அதோடு விட்டாரா? தீபாவளிக்கு மறுநாள் செராத்திங் கடற்கரைக்கு இரண்டு பேரும் போகலாம், முதலில் நீங்கள் ஏறிக் காட்டுங்கள் என்றார். நானும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். என் வாயை யார் தைப்பது?

ஈப்போவில் அதற்கென்று ஒரு கடை இருக்கிறது. கடைப் பெண் ரொம்ப மரியாதையானது, முதலில் ஏறுகிறவரின் எடை என்ன என்று கேட்டது. மருமகனின் எடையை எந்த மாமனார் தெரிந்து வைத்திருப்பான்? ஈரக் கொழுந்து மூன்று மூட்டை இருப்பார் என்றேன். அது எதையோ எழுதிக்கொண்டது. குட்டையாக, ஒடுக்கமாக இருக்கும் பலகை அலையில் சட்டென்று திரும்புமாம், ஆனால் ஆளை ஆட்டிவிடுமாம். நீளமாக, அகலமாக இருப்பது புதுசாகப் பழகுகிறவர்களுக்காம். எனக்கு வேண்டியது அகலம்தான், ஆனால் தண்ணீரில் பிறந்தவன் அதை எப்படிக் கேட்பது? மனைவியும் ஏறுவாள் என்று சொல்லி, பத்தரை அடி நீளத்தில் காற்றடிக்கிற பலகையை எடுத்தேன். அடுத்து, அடியில் மாட்டும் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு சாமான், ஃபின் என்று பெயர். நடுவில் பெரியது ஒன்று போட்டால் நேராகப் போகும், பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னது இரண்டு போட்டால் அலையில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்றது. லோரிக்காரன் புத்தி என்ன புத்தி? மலை ரோட்டுக்கு டயர் கூடக் கூட நல்லது, ஆறு போடு என்றேன். ‘பாக்சிக், மூணுக்குத்தான் ஓட்டை இருக்குலா’ என்று மலாயில் மாமா போட்டுச் சிரித்தது. தலைக்கவசமும் லைஃப் ஜாக்கெட்டும் கேட்காமலே எடுத்தேன். ஜாக்கெட் இரண்டு அளவு பெரியது. யுவாவுக்குப் பள்ளி உடுப்பு எடுத்த பழக்கம், மாப்பிள்ளை வளருவார் என்று கை தானாக எடுத்துவிட்டது. அவருக்கு வயது முப்பத்தொன்று.

வீட்டில் காற்றடித்துப் பார்த்தால், பலகையின் வால் ஹாலிலும் மூக்கு அடுப்படியிலும் இருக்கிறது. உன் அக்கா அதன் மூக்கைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். ‘நாற்காலி மேல ஏறி பல்பு மாத்தவே உங்களுக்குத் தலை சுத்துது, இது மேல நிக்கப் போறீங்களாக்கும்’ என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

போன ஞாயிறு தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பலகையோடு ஒரு கயிறு கொடுத்திருந்தார்கள், ஆளையும் பலகையையும் பிரிய விடாமல் வைப்பதற்காம். கயிறு என்றால் ஒரு முனையைச் சாமானிலும் மறு முனையைக் கம்பத்திலும் கட்டித்தான் எனக்குப் பழக்கம். பம்பு வீட்டுக் கம்பத்தில் லோரி முடிச்சாகப் போட்டேன். தலைக்கவசம், ஜாக்கெட் எல்லாம் மாட்டி, பலகையில் மண்டியிட்டு, முருகா என்று எழுந்து நின்றேன். நின்றேன் மச்சான், சத்தியம். ஒரு துடுப்பு போட்டேன், இரண்டு துடுப்பு போட்டேன், கயிறு தீர்ந்துவிட்டது. பலகை நின்றது, நான் நிற்கவில்லை. நடு ஃபின்னையும் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன், பலகை கவிழ்ந்ததில் முழங்கால் நேராக அதில் போய் இடித்தது. நான் கையைக் காலை உதறி, யுவா, குமுதா, உன் பெயர் உட்பட எல்லாப் பெயரையும் கூப்பிட்டேன். குழாய் வாயில் பாசி ஒதுக்கிக்கொண்டிருந்த நம்ம லயத்துப் பாஞ்சாலை மூங்கில் கம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள்: ‘அண்ணே, எழுந்து நில்லுங்க. தண்ணி இடுப்பு வரைக்கும்தான்.’

எழுந்து நின்றேன். இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. கரையில் சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள்.

பூஜை போடாமல் தண்ணியில் இறக்கினால் இப்படித்தான் என்றாள் உன் அக்கா. அதுவும் நியாயம்தானே, நான் எந்த லோரியையும் பூஜை போடாமல் எடுத்ததில்லை. சந்தனம், குங்குமம் வைத்து, மூன்று ஃபின்னுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய்மேல் சூடத்தை ஏற்றிப் பலகையின் மூக்கில் வைத்தேன். லோரி மூக்கு சமமாக இருக்கும், இதன் மூக்கு மேலே வளைந்திருக்கிறது. தேங்காய் உருண்டது, சூடம் விழுந்தது. பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிப்பதற்குள் பலகை பாயாகப் படுத்துவிட்டது. இருபது சென் காசு நுழைகிற ஓட்டை.

அதனால்தான் மச்சான் இந்தக் கடிதம். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். நீ மாப்பிள்ளையை நேரில் பார்த்து, பக்குவமாக, உங்க மாமனாருக்குத் தண்ணீரும் தெரியாது ஒன்றும் தெரியாது, மைக்கில் பேசியது முழுக்கப் பொய் என்று சொல்லிவிடு. என் வாயால் சொல்ல வரவில்லை. பெண் கொடுத்த இடத்தில் பொய்க்காரன் என்று பெயர் எடுப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், இனி இந்தக் கால் குளிக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் படாது. இது முடிவு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் நீண்ட ஆயுளும் நீச்சலும் கிடைக்க என் ஆசீர்வாதமும் சொல்லவும்.

இப்படிக்கு,
நனைந்து காய்ந்த
நல்லுசாமி

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளையே போன் பண்ணினார். குரல் சரியில்லை. ‘மாமா, யுவாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தண்ணின்னா பயம். பீச்சுல முட்டி வரைக்கும் கூட இறங்குனதில்ல. நீங்க மைக்ல பேசுனதக் கேட்டு, உங்களுக்குப் பிடிச்சதக் கேட்டா என்னையும் பிடிக்கும்னு நெனச்சு அந்தப் போர்டக் கேட்டுட்டேன்’ என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘பயப்படாதீங்க மாப்பிள்ளை, நான் இருக்கேன்ல, நான் கத்துக் குடுக்கிறேன்’ என்று வந்துவிட்டது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் அவரிடம் மூச்சு விடாதே. பலகை ஒட்டுகிற பசை வாங்கி அர்ஜுனனிடம் கொடுத்து அனுப்பு. ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு ஒன்பது நாளில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரையும் அதே லோரியில் ஏற்றிவிடு. அதுவரைக்கும் தினம் காலையில் கம்போடு குளத்துக்கு வரச்சொல்லிப் பாஞ்சாலையிடம் கேட்டிருக்கிறேன்.