எக்ஸ்பிரஸ் அண்ணனும் ஒரு வாய்த் தேநீரும்

எக்ஸ்பிரஸ் அண்ணனிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தவர் பினாங்குத் தீவில் எவருமில்லை. அவர் மனைவியாவது முடித்திருப்பாரா என்று அந்த அக்காவிடமே கேட்டேன். அதற்கும் அண்ணன்தான் பதில் சொன்னார்.

பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலை. அங்கே அவர் மெஷின் பழுது பார்ப்பவர். நான் கணக்குப் பிரிவில் நாற்காலி தேய்ப்பவன். டத்தோ கெராமாட் சாலையிலிருந்து இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். எந்த ஸ்டாப்பிலும் நிற்காத பேச்சு என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, என் தங்கச்சிக்கு வயித்துல…"

"வாழ்த்துகள் லா தம்பி. எத்தனாவது மாசம்?"

அது குடல்வால்.

இப்படிப்பட்டவர்தான் என்-த்ரீ எழுதக் கிளம்பினார். தொழிற்சாலைக்குப் புது மெஷின் வருகிறது. ஜப்பானிய மொழித் தேர்வில் என்-த்ரீ தேறிய ஒருவரை ஒரு வருடம் ஜப்பானுக்கு அனுப்புவார்கள் என்று அறிவிப்பு. அந்தத் தேர்வுக்கு ஐந்து படிகள். ஐந்தில் தொடங்கி ஒன்றுக்கு ஏற வேண்டும். மூன்று நட்டநடு: கீழேயிருந்து பார்த்தால் மலை, மேலேயிருந்து பார்த்தால் மேடு. நானும் அவரோடு வகுப்பில் சேர்ந்து, ஐந்தாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காற்று நன்றாக வந்தது.

அண்ணன் ஏறினார். மெஷின் கையேடுகளைப் படித்துப் படித்து வாசிப்பில் புலி. என்-த்ரீயில் மொத்த மதிப்பெண் தாராளமாக வந்தது, ஆனாலும் தோல்வி. ஒவ்வொரு பகுதியிலும் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கியாக வேண்டுமாம். கேட்டல் பகுதி அவரைக் கவிழ்த்தது. மறுமுறையும் அதே கதை.

அதில் உரையாடல் ஒரே தடவைதான் ஒலிக்கும். ஒருவன் ஏழு மணிக்குச் சந்திப்போம் என்பான். ஒருத்தி மழை என்பாள். கடைசியில் நாளைக்கு வைத்துக்கொள்வார்கள். அண்ணன் ஏழு மணியிலேயே விடைத்தாளின் வட்டத்தைக் கறுப்பாக்கியிருப்பார்.

"ஏண்ணே முழுசாக் கேக்கல?"

"அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியும் தம்பி."

"அவனுக்கே தெரியலயேண்ணே. விட்டுருங்க லா, சின்னப் பசங்க போகட்டும்."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா அந்த மெஷினுங்க வயித்துல கைய வுட்டுருக்கேன். அதுங்க பொறந்த எடத்த ஒரு தடவ பாக்க வேணாவா? மெஷின் வர்றதுக்குள்ள இன்னும் ஒரே பரீட்சதான் இருக்கு."

மறுநாள் பஸ்ஸில், பையில் ஊற்றிக் கட்டிய தே தாரிக் தேநீரோடு ஏறினார். ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல், என்னைப் பார்த்துக் கையசைத்தார்: பேசு. நான் பேசி முடிக்கும்வரை விழுங்குவதில்லை என்பது விரதம். முதல் வாரம் பாதித் தேநீர் என் சட்டையில்.

பேக்கிங் பிரிவு லட்சுமி அக்கா விஷயத்தைத் தெரிந்துகொண்டு பக்கத்து இருக்கைக்கு வந்தார். மாமியார் கதையை கெராமாட்டில் ஆரம்பித்து பாயான் லெப்பாஸ் வரை முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அண்ணன் கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, கேட் தாண்டியதும்தான் விழுங்கினார்.

"என்ன அண்ணே, சொல்லுங்க," என்றார் அக்கா.

"தே ஆறிப்போச்சு லா."

ஆனால் மறுநாளும் அவர் பக்கத்தில் இடம் பிடிக்க ஆள் நின்றது. பேச்சைக் கடைசி வரை கேட்க ஓர் ஆள் கிடைத்தது எங்களில் பலருக்கு அதுதான் முதல்முறை.

தேர்வு அறையில் தேநீருக்கு அனுமதியில்லை. வெறும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தாராம். கண்காணித்த பெண் பல்வலியா என்று விசாரித்தாராம். கேட்டலில் மயிரிழையில் தேறினார். ஜப்பானுக்குப் போய்விட்டார்.

போன வாரம் அழைத்தார். மெஷின் பிறந்த இடம் எங்கள் தொழிற்சாலை மாதிரியேதான் இருக்கிறதாம். ஆனாலும் போய் ஒரு தரம் தொட்டுப் பார்த்தாராம். நான், "அண்ணே, நீங்க இல்லாம பஸ்ஸுல…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். மீதியை அவர்தான் சொல்வார் என்று காத்திருந்தேன்.

மறுமுனையில் பேச்சே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

வேறு வழியின்றி நானே முடித்தேன்: "வெறிச்சுன்னு இருக்குண்ணே."