வேகாத கட்டை

"எந்தக் கட்டை வேகும்னு சொன்னார்?" என்று கட்டடத்தைப் பார்க்க வந்திருந்த மீசைக்காரர் திரும்பிக் கேட்டார்.

பொறியாளர் திடுக்கிட்டு மாமனாரைப் பார்த்தார். தூண், தளம், சுவர் எல்லாமே மரத்தால் ஆன பதினான்கு மாடிக் கட்டடம் அது. இன்று தீயணைப்புத் துறை கையெழுத்துப் போட்டால்தான் யாரும் குடியேற முடியும். இல்லையென்றால் அவர் வருஷக்கணக்கில் கண்ட கனவு அப்படியே பூட்டிக் கிடக்கும்.

பார்க்க வருபவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று மாமனாரை உச்சி மாடி ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தார். "வீடு பிடிச்சிருக்குன்னு சொன்னா போதும் மாமா" என்றும் சொல்லியிருந்தார்.

மாமனாருக்கு அது போதவில்லை. "இனிமே எங்கயும் போறதா இல்லைங்க. இந்தக் கட்டை இங்கதான் வேகும்" என்று மனம் நெகிழ்ந்து சொல்லிவிட்டார்.

"அவர் கட்டடத்தைச் சொல்லலை சார். தன்னைச் சொல்றார்" என்றார் பொறியாளர்.

"ஆளு உள்ள இருக்கும்போதேவா?"

"கட்டை அவ்வளவு சீக்கிரம் வேகாது சார்." பொறியாளர் தூணைத் தட்டிக் காட்டினார். "மேல மட்டும் கருகும். அந்தக் கரியே போர்வை மாதிரி மூடி உள்ளே இருக்கிறதைக் காப்பாத்தும்."

மீசைக்காரர் தூணைப் பார்க்கவில்லை. மாமனாரையே பார்த்தார்.

"மாப்ளே, யாரைக் கருக்கறீங்க?"

"தூணை, மாமா. கொஞ்சம் சும்மா இருங்க."

"போர்வையெல்லாம் போத்தி விடறேங்கறீங்க, எப்படிச் சும்மா இருக்கிறது?"

மீசைக்காரருடன் வந்த பெண் பேனாவும் கையுமாகக் கூரையில் ஓடிய தண்ணீர்க் குழாய்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று எழுந்தது. தூக்கத்தில் புரளும் கப்பலைப் போலக் கட்டடம் மெல்ல முனகியது.

"அது என்ன சத்தம்?"

"மரம் மூச்சு விடுது சார்" என்றார் பொறியாளர், மிகுந்த பிரியத்துடன்.

"உயிர் வேற இருக்கா?"

மீசைக்காரர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கத் தொடங்கினார். பொறியாளர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "சார், அந்தக் கையெழுத்து..." என்றார்.

அந்தப் பெண் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"கையெழுத்து நான் அப்பவே போட்டாச்சு சார். அவர் எங்கப்பா, இங்க ஒரு வீடு வாங்கலாம்னு கூட வந்தவர்."