காற்றுக்காவலன் பற்றிய ஒருமித்த கருத்து

நகர நூலகத்தின் படக்கதை அறையில் கருத்து வேறுபாடு நிலவுவதாக மேலிடத்துக்குத் தகவல் போயிற்று. போனதில் வியப்பில்லை. மருந்துக்கடைக்காரர் தாடிக்காரரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியபோது, அது மேலதிகாரியின் கார் மேல்தான் போய் விழுந்தது.

சண்டைக்குக் காரணம் 'காற்றுக்காவலன்'. பறக்கத் தெரிந்த ஒரு வீரனைப் பற்றிய தடித்த படக்கதைப் புத்தகம். படித்தவர்களில் பாதிப் பேர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மீதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கொண்டாடியவர்களுக்குத் தலைவர் தாடிக்காரர். எது நவீனம் என்று ஊருக்குச் சொல்லும் பொறுப்பை யாரும் கேட்காமலே ஏற்று நடத்தி வந்தவர். "முதல் பக்கத்துலயே வீரன் கிழவனாகி பஸ்ஸுக்கு நிக்கிறான். கடைசிப் பக்கத்துல ஓங்கின கை அந்தரத்துல நிக்குது. அடி விழுந்துச்சா இல்லையா? சொல்லவே இல்ல. அதாங்க நம்ம காலம்" என்பார்.

மருந்துக்கடைக்காரரோ, அடி நன்றாகவே விழுந்தது, வில்லன் ஜெயிலுக்குப் போனான், வீரன் கல்யாணம் செய்துகொண்டு கிழவனானான், மொத்தத்தில் அரைத்த மாவு என்பார். எதிராளி புத்தகத்தைக் கடைசிவரை படிக்கவே இல்லை என்று இரு தரப்பும் சத்தியம் செய்தன.

மேலதிகாரியின் ஆணை வந்தது. 'வாசகர்தம் கருத்து இரண்டாகப் பிளவுற்றிருத்தல் நூலக அமைதிக்குக் குந்தகம் விளைவிப்பதாலும், இரண்டு கருத்துகளில் ஒன்று உபரியாதலாலும், மாத இறுதிக்குள் ஒருமித்த கருத்து எட்டப்படல் வேண்டும். தவறின் மேற்படி அறை பூட்டப்பட்டு, மேலதிகாரியின் ஓய்வறையாகப் பயன்படுத்தப்படும்.'

அறையின் பொறுப்பாளரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். பைண்டிங் அறையில் தற்காலிகமாக வேலை பார்த்தவனுக்கு மட்டும் அவள் நிஜமாகவே அக்கா. அந்தப் படக்கதை அறை அவள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து குப்புறப் படுத்துப் படிப்பதற்காகப் பாயைக்கூட அவள்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்தாள். அறை போனால் அவளைப் பழைய செய்தித்தாள் கிடங்குக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளை அனுப்ப அப்படி ஒரு கிடங்குகூடக் கிடையாது.

படித்தவர்கள் ஒருதலைப்பட்சமானவர்கள் என்பதால், படிக்காதவர்களைக் கொண்டு நடுநிலைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு கூடியது, தேநீர் அருந்தியது, அட்டை நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று இரண்டாகப் பிரிந்தது.

அன்று மாலை அக்கா நூலகத்தில் இருந்த இரண்டு பிரதிகளையும் மேஜையில் அருகருகே விரித்தாள். ஒருவருக்கு ஒரே புத்தகத்தை இரண்டாம் முறை தரக்கூடாது என்பது விதி. ஆகவே இரண்டு பிரதிகளையும் சேர்த்துப் பார்த்த வாசகர் எவரும் இல்லை. ஒன்றில் முதல் பக்கத்தில் வீரன் பிறந்தான். இன்னொன்றில் முதல் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றான். அவள் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு நேராக பைண்டிங் அறைக்குப் போனாள்.

"டேய், கடைசிப் பக்கங்களை முன்னாடி வச்சுத் தெச்சிருக்கியேடா."

தம்பி பசைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்க எண் போடாத புத்தகம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்த வேலை, கண் சொக்கிவிட்டது என்றான். அடுத்த வாரம் அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு வர வேண்டியிருந்தது. "சொல்லிடாதேக்கா. உனக்கு அறைதான் போகும். எனக்கு வேலையே போயிடும்."

இரண்டு நாள் இரண்டு பிரதிகளையும் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தாள். மூன்றாம் நாள், மேலதிகாரி தலைமையில் வாசகர் கூட்டம் கூடியபோது, எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டு பிரதிகளையும் விரித்தும் காட்டினாள். ஆக, இவ்வளவு நாளும் நடந்தது கருத்து வேறுபாடே அல்ல, தையல் வேறுபாடு.



முதலில் தாடிக்காரர்தான் கனைத்துக்கொண்டார். எழுதினவனுக்கே எட்டாத இடத்தைத் தைத்தவன் எட்டிவிட்டான், அந்தக் கலைஞனை நான் பார்க்க வேண்டும் என்றார். கதவோரம் நின்ற தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

மருந்துக்கடைக்காரர் முகம் சிவந்து எழுந்தார். இதோ தம்பியின் வேலை போயிற்று என்று அக்கா நினைத்தாள்.

"அப்ப நல்ல பிரதியை இவருக்குக் குடுத்துட்டு, வரிசையாப் போற பிரதியை என் தலையில கட்டியிருக்கீங்க. நான் என்ன இளிச்சவாயனா? கை அந்தரத்துல நிக்கிறது எனக்குப் புரியாதா?"

புரியும், புரியும் என்று அவர் தரப்பு மொத்தமும் முழங்கியது. தங்களுக்கும் புரியும் என்று நடுநிலைக் குழுவும் சேர்ந்துகொண்டது.

மேலதிகாரி மனம் குளிர்ந்தார். ஒருமித்த கருத்து எட்டப்பட்டதாக அங்கேயே அறிவித்தார். படக்கதை அறை பிழைத்தது. தம்பி 'நூல் வரிசைச் சீரமைப்பு அலுவலர்' என்ற பதவியில் நிரந்தரமானான். வரிசையாக இருக்கும் பிரதியை மட்டும் பழுதுபட்டதாகக் கருதிச் சீர்செய்ய வேண்டும், அதற்குப் பொறுப்பாளரின் சம்மதம் வேண்டும் என்றார்.

அக்காவுக்குச் சம்மதமில்லை. எழுதினவன் எழுதினபடி ஒரு பிரதியாவது உலகத்தில் இருக்கட்டும் என்று பிடிவாதமாக அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். புத்தகத்தோடு பழகியே காலம் போனதால் அதுவரை அவள் அதைப் படித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தாள். பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் கண்கூடக் கலங்கியது.

மறுநாள் காலை அதைத் தம்பியின் மேஜையில் வைத்தாள்.

"என்னக்கா, அப்படியே அலமாரில வச்சிடவா?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பிரிச்சுத் தெச்சுடுடா. எனக்கு இந்த வரிசையே பிடிச்சிருக்கு. வெளியில தெரிஞ்சா அசிங்கம்."