அரை டாலரில் அமர்ந்த லட்சுமி

இருக்கிறது மாமா, பத்திரமாகத்தான் இருக்கிறது. ஃபோனில் நீங்கள் கேட்டபோது நான் இருமியதற்குக் காரணம், பக்கத்தில் அம்மா. அதனால் கடிதம்.

அன்புள்ள வெங்கு மாமாவுக்கு, பவானிபூரிலிருந்து ஹம்சினி அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் வெள்ளி அரை டாலர் மிகவும் சௌக்கியம். அதற்குத் தினமும் நைவேத்தியம் நடக்கிறது.

பாலிகஞ்ச் நாணயக் கண்காட்சி வரை பீரோவில் வை என்று கொடுத்துவிட்டுப் போனீர்கள். வைத்தேன். இங்கே வங்காளிகள் கொண்டாடும் கோஜாகரி லட்சுமி பூஜையன்று பட்டுப்புடவை எடுக்க அம்மா பீரோவைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பெண், உட்கார்ந்தபடி. "லட்சுமிடி!" சுதந்திர தேவி அம்மா, அமெரிக்கா, என்றேன். "அமெரிக்காவுக்கு லட்சுமி போகாம வேற யார் போவா?" திருப்பினாள். கழுகு. "கருடன்!" எதிர்வீட்டு மிதா காக்கிமா எட்டிப் பார்த்து, "ஓ மா! ஆந்தை" என்றாள், வங்காளத்து லட்சுமிக்கு அதுதானே வாகனம். வங்காளியில் பெரிய சண்டை. கழுகு என்று நான் சொன்னதும் இருவரும் ஒன்றாகி என்னை மறுத்தார்கள்.

இது செலவழிக்க அடித்ததில்லை, மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்த மாதிரிக் காசு, நூற்றைம்பது வருஷமாக முகத்தில் ஒரு விரல் பட்டதில்லை என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. "அத்தனை வருஷமா மடியா இருந்திருக்கா!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போது உறைமேல் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை உறையை உடைத்துப் பாலாபிஷேகமாம், பாக்குவெட்டிகூட எடுத்து வைத்தாயிற்று, அந்தக் கண்ணாடிப் பளபளப்பு அன்றோடு சரி, பாதி ஆயுள் தேடி வாங்கினீர்களே, அதுவும் சரி, கண்காட்சிக்கும் தரமாட்டாளாம். "வந்த லட்சுமியை யாராவது வெளியே அனுப்புவாளா? தம்பியே கேட்டாலும் மாட்டேன்." உடனே வாருங்கள். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள். கேட்காவிட்டால் அழுங்கள்.

மாமிக்கு நமஸ்காரம். ராகவுக்கு ஆசி. உங்களுக்குத் தைரியம்.

ஹம்சினி

பி.கு.: அவசரமாக வர வேண்டாம். கடிதத்தை உறையில் போடும்போது பின்னால் நின்று அம்மா முழுக்கப் படித்துவிட்டாள். "பால் பட்டா முகம் கெட்டுடுமா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" பாக்குவெட்டி உள்ளே போய்விட்டது. லட்சுமி கண்காட்சிக்கும் போகலாமாம், துணைக்கு அம்மாவும் வந்தால். நாள் முழுக்க உங்கள் மேசையிலேயே உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுப்பாளாம்.

கண்காட்சிக்காரர்களுக்கு ஃபோன் செய்து இன்னொரு நாற்காலி கேட்டேன்.